பிளஞ்ச் ரவுட்டர் வாங்கப் போறீங்களோ? வாட்டை விடுங்கோ, முதல் கொலெட்டைப் பாருங்கோ

நல்லூர்த் திருவிழாவுக்கு கனடாவில இருந்து மாமா வாறார், வரேக்க பிளஞ்ச் ரவுட்டர் ஒண்டு கொண்டரச் சொல்லட்டோ அண்ணா எண்டு போன கிழமை ஒரு தம்பி கேட்டவர். வேண்டாம் எண்டு ஒரு சொல்லில மறுமொழி போட்டிட்டன். பிறகு யோசிச்சா, காரணம் சொல்லாட்டி அவர் எப்பிடியும் கொண்டரத்தான் சொல்லுவார், சும்மா வாற சாமானை ஆர் விடுவினம், அதான் கொஞ்சம் நீட்டாவே எழுதுறன். வைஃபை பெட்டி இல்லை, மரத்தில காடி எடுக்கிற, விளிம்பு உருட்டுற, பிணைச்சலுக்குப் பள்ளம் தோண்டுற ரவுட்டர்.

பிளஞ்ச் எண்டா மோட்டர் ரெண்டு உருக்குத் தூணில ஏறி இறங்கும், உள்ளுக்க ஸ்பிரிங் இருக்கு, லொக்கைத் தளர்த்தி அமத்தினா சுத்திக்கொண்டிருக்கிற பிட், அதாவது வெட்டுற அலகு, நேரா பலகைக்குள்ள இறங்கும், அமத்தலை விட்டா திரும்ப மேல வந்திடும். அதால பலகையின்ர விளிம்பில இருந்துதான் தொடங்கோணும் எண்டில்லை, நட்ட நடுவில இறங்கி நட்ட நடுவிலயே ஏறலாம். பூட்டுக்குத் துளை, வெட்டுப்பலகையில சாறு ஓடுற காடி, பேர்ப்பலகையில எழுத்து எல்லாம் இதாலதான் ஏலும். ஜேர்மனியில எலு எண்ட கம்பனி 1949 அளவில இந்த முறையைக் கொண்டந்தது, இண்டைக்கு டிவோல்ட் பேரில வாற டிடபிள்யூ 625 அந்த எலு குடும்பத்துப் பிள்ளைதான்.

ஆனா உங்கட வேலை முழுக்க விளிம்பு வேலை எண்டா, ஃபோர்மிக்கா ஒட்டி ஓரம் வெட்டுறது, தட்டு ஓரத்தை மெல்லமா உருட்டுறது அவ்வளவுதான் எண்டா, பிளஞ்ச் வாங்காதேங்கோ. ஒரு கையில பிடிக்கிற சின்ன ரவுட்டர், ட்ரிம்மர் எண்டுறது, போதும். மகிட்டா ஆர்டி 0700சி மாதிரி 710 வாட் ட்ரிம்மருக்கு பிளஞ்ச் பேஸ், அதாவது ஏறி இறங்கிற அடிப்பாகம், தனியா வாங்கிப் பூட்டவும் ஏலும், சின்னப் பள்ளங்களுக்கு அது காணும். ஆழமாப் போகோணும், ஒரே அச்சில பத்துத் துளை போடோணும் எண்டா மட்டும் தொடர்ந்து வாசியுங்கோ.

நான் முதல் விட்ட பிழையைச் சொல்லுறன். பெரிய மெஷின் வாங்கினா எல்லா வேலையும் செய்யலாம்தானே எண்டு நினைச்சு, 3612 எண்ட அந்தப் பழைய மகிட்டா அச்சைப் பாத்துச் செய்த ஒரு மலிவு மெஷின் வாங்கினனான். 1600 வாட், நிமிசத்துக்கு 22,000 சுத்து, ஸ்பீட் கூட்டிக் குறைக்க ஏலாது, கிட்டத்தட்ட 6 கிலோ. மேசையில வைச்சுப் பாக்க நல்ல கம்பீரமாத்தான் இருந்தது. பலா மரக் கதவின்ர ஓரத்தில, அதாவது 40 மிமீ அகலம் கூட இல்லாத இடத்தில, அதை நிமித்திப் பிடிச்சுக்கொண்டு பூட்டுத் துளை இறக்கேக்கதான் தெரிஞ்சுது, பாரம் முழுக்க மேல இருக்கு, பேஸில பாதி காத்தில நிக்குது, கொஞ்சம் சரிஞ்சாலும் துளையின்ர வாய் விரிஞ்சிடும், விரிஞ்சது. அண்டைக்கு மொறட்டுவையில இருந்து வந்த தச்சு பாஸ் ஒருவர் பாத்திட்டு, "மல்லி, மேக்க அத்தட்ட பர வெடியி" எண்டார். கைக்குப் பாரம் கூடிப்போச்சு எண்டு. அவர் அதே மாதிரி மெஷினைத்தான் வைச்சிருக்கிறார், ஆனா தலைகீழா மேசைக்குக் கீழ பூட்டி வைச்சிருக்கிறார், கைவேலைக்கு வேற சின்ன ஒண்டு. எனக்கு அது விளங்க ஒரு கதவு செலவாச்சு.

அதால கையில பிடிக்கிறதுக்கு எண்டா பாரம் மூண்டு, மூண்டரைக் கிலோ அளவில நிக்கட்டும், வாட் 1000இல இருந்து 1400க்குள்ள காணும். வாட்டைப் பெரிசா எழுதி விக்கிறது ஒரு வியாபார விளையாட்டு. அமெரிக்கப் பெட்டிகளில மூண்டேகால் குதிரைவலு எண்டு கொட்டை எழுத்தில போட்டிருக்கும், ஒரு குதிரைவலு 746 வாட், அப்ப 2400 வாட்டுக்கு மேல வரோணும், ஆனா அவையின்ர சொக்கெட் 120 வோல்ட் 15 அம்பியர், பெருக்கிப் பாத்தா 1800 வாட்தான் உள்ளுக்கே போகுது. உள்ளுக்க போகாதது எப்பிடி வெளியால வரும்? கைவேலையில ஒரு தரத்துக்கு 3, 4 மிமீதான் இறக்கப் போறீங்கள், அதுக்கு 2300 வாட் தேவையே இல்லை.

இனி கொலெட். பிட்டின்ர தண்டைக் கவ்விப் பிடிக்கிற, பிளவு பிளவா வெட்டின அந்தச் சின்னக் கூம்புதான் கொலெட், மெஷினின்ர விலையில ஒரு துளி, ஆனா நீங்கள் இனிப் பத்து வருசத்துக்கு என்ன பிட் வாங்கலாம் எண்டதைத் தீர்மானிக்கிறது அதுதான். உலகத்தில முக்கியமா அஞ்சு அளவு ஓடுது: 6 மிமீ, கால் இஞ்ச் அதாவது 6.35 மிமீ, 8 மிமீ, 12 மிமீ, அரை இஞ்ச் அதாவது 12.7 மிமீ. கொழும்பு பழைய சோனகத் தெருவில பிட் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கோ, 6 மிமீயும் கால் இஞ்சும் கலந்து கிடக்கும், கண்ணால பாத்து ஒருத்தருக்கும் பிடிபடாது, கடை அண்ணாவும் ரெண்டும் ஒண்டுதான் தம்பி எண்டுவார். ஒண்டில்லை! வேனியர் கலிப்பர் ஒண்டு கையோட கொண்டு போங்கோ, பிளாஸ்ரிக் ஆனாலும் பரவாயில்லை.

0.35 மிமீ என்ன செய்யும் எண்டு கேட்டா, நான் கால் இஞ்ச் கொலெட்டில 6 மிமீ பிட்டைப் போட்டு, நல்லா இறுக்கிப் போட்டன் எண்டு நினைச்சு, 5 மிமீ ஆழத்தில ஒரு காடி எடுத்தனான். தொடக்கத்தில 5, முடிவில 9. அதிர்வில பிட் கொஞ்சம் கொஞ்சமா வழுகி கீழ இறங்கியிருக்கு, மெஷின் கீழ பாத்து நிக்கிறதால வழுகினா ஆழம் கூடும், மேலால பாக்க ஒண்டும் தெரியாது. அது பலகையோட போச்சு, கையில காலில விழாமல் போனது என்ர நல்ல காலம். மற்றப்பக்கமா, கால் இஞ்ச் பிட்டை 6 மிமீ கொலெட்டுக்குள்ள தட்டித் தட்டி ஏத்தப் பாக்கிற ஆக்களும் இருக்கினம், அதுவும் கூடாது. 12 மிமீக்கும் அரை இஞ்சுக்கும் அதே கதைதான்.

தடிப்பு ஏன் முக்கியம் எண்டா, தண்டின்ர விறைப்பு விட்டத்தின்ர நாலாம் அடுக்கில கூடும். கால் இஞ்சை அரை இஞ்ச் ஆக்கினா விறைப்பு ரெண்டு மடங்கு இல்லை, 16 மடங்கு. கால் இஞ்சில இருந்து 8 மிமீக்குப் போனாலே ரெண்டரை மடங்கு. அதால என்னைக் கேட்டா கைவேலைக்கு 8 மிமீதான் சரியான நடு வழி, மெஷினும் பாரமாகாது, பிட்டும் நடுங்காது. ஒரே வில்லங்கம், எங்கட கடைகளில 8 மிமீ பிட் எனக்கு அதிகம் கண்ணில படேல்லை, கால் இஞ்சும் அரை இஞ்சும்தான் முன்னுக்கு நிக்கும். அதுக்கு ஒரு வழி, 8 மிமீயும் கால் இஞ்சும் ரெண்டு கொலெட்டும் பூட்டக்கூடிய மெஷினா எடுக்கிறது. கொலெட்தான் மாத்தோணும், உள்ளுக்க போடுற பித்தளைக் குழாய் மாதிரி சிலீவ் இல்லை. சிலீவ் அவசரத்துக்குச் சரி, தினமும் எண்டா பிட் மையத்தில நில்லாது.

இப்ப மாமாமார் கதைக்கு வருவம். எங்கட கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடா, அமெரிக்கா மெஷின் 120 வோல்ட், நேரா குத்தினா ஒரு சத்தம், ஒரு புகை, அவ்வளவுதான். ட்ரான்ஸ்ஃபோமர் போடலாமே எண்டுவீங்கள், ஸ்டார்ட் இழுவையையும் சேத்தா 1800 வாட் மெஷினுக்கு 3000 விஏ அளவில ஒண்டு வேணும், அது மெஷினை விடப் பாரம், அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போக ஏலாது. லண்டன் மாமா எண்டா 230 வோல்ட்தான், பிளக்கும் எங்கட 13 அம்பியர் சதுரக் கால் பிளக்தான், கால் இஞ்ச், அரை இஞ்ச் கொலெட்தான் அங்கயும், ஆக இஞ்சத்தைய பிட்டோட ஒத்துப்போகும், ஆனா ஒரு பொறி இருக்கு, அங்க கட்டிட சைட்டுக்கு எண்டு 110 வோல்ட் மெஷின் மஞ்சள் பிளக்கோட விக்கிறவை, மலிவா இருக்கெண்டு அதை வாங்கிக்கொண்டு வந்திடுவினம். முதலே சொல்லிப் போடுங்கோ. சுவிஸ், ஜேர்மன், பிரான்ஸ் சித்தப்பாமார் எண்டா கரண்ட் சரி, பிளக் மாத்தோணும், கொலெட் பெரும்பாலும் 8 மிமீ, அதால மெஷினோட ஒரு செற் 8 மிமீ பிட்டையும் சேத்துக் கொண்டரச் சொல்லுங்கோ. அவுஸ்திரேலியாவும் 230, பிளக்கின்ர கால் மட்டும் சரிவு. இதுக்குள்ள ஆகலும் கவனமா இருக்க வேண்டியது ஜப்பானில இருந்து வாற பாவிச்ச மெஷின், பாக்க புதுசு மாதிரி மினுங்கும், அசல் சாமான்தான், ஆனா அங்க 100 வோல்ட், கொலெட்டும் 6, 12 மிமீ. லேபிளில வோல்டேஜைப் பாக்காமல் காசை நீட்டாதேங்கோ.

பிளக் எண்டதும் இன்னொண்டு. வெள்ளவத்தைப் பக்கம் பழைய வீடுகளில இன்னும் 5 அம்பியர் உருண்டைக் கால் சொக்கெட் இருக்கு. 230ஐ 5ஆல பெருக்கினா 1150 வாட், அதுக்கு மேல இழுக்கிற ரவுட்டரை அடப்டர் போட்டு அதில குத்தாதேங்கோ, சொக்கெட் உருகும். வீட்டில ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதோ எண்டு டெஸ்ட் பட்டனை அமத்திப் பாத்திட்டே தொடங்குங்கோ.

கடைக்குப் போனா என்ன செய்யிறது? முதல் பெட்டியால வெளியில எடுத்துத் தாங்கோ எண்டு கேளுங்கோ, தரமாட்டன் எண்டா அடுத்த கடை. கரண்ட் குத்தாமல் கண்ணாடி மேசை மேல நிப்பாட்டி, லொக்கைத் தளர்த்தி, ரெண்டு கைபிடியையும் சமமா அமத்துங்கோ. வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி இறங்கோணும், இடையில ஒரு இடத்தில கொக்கி மாதிரிப் பிடிச்சு பிறகு டக்கெண்டு விழுந்தா அதை வையுங்கோ. பிறகு ஒரு கைபிடியை மட்டும் அமத்துங்கோ, எல்லா மெஷினும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அது வழமை, ஆனா முழுசா இறுகி நிண்டிட்டா தூணும் அது ஓடுற புஷ்ஷும் சரியாப் பொருந்தேல்லை எண்டு அர்த்தம், வேலையில ரெண்டு கையும் எப்பவும் சமமா அமத்தாது, ஒவ்வொரு தரமும் இழுபடுவீங்கள். பாதி ஆழத்தில லொக் பண்ணி, ஒரு கையால பேஸையும் மற்றக் கையால மோட்டரையும் பிடிச்சு முறுக்கிப் பாருங்கோ. லொக் போட்ட பிறகும் கையில ஆட்டம் தெரிஞ்சா காடியின்ர சுவர் நேரா வராது. இந்த ஆட்டத்தைத்தான் நான் முதல் பாப்பன், மோட்டர் பழுதானா காபன் பிரஷ் மாத்தலாம், பெயாரிங் மாத்தலாம், தூண் ஆட்டத்துக்கு மருந்தில்லை.

அடுத்தது லொக் லீவர். கைபிடியில இருந்து கையை எடுக்காமல் பெருவிரலுக்கோ நடுவிரலுக்கோ அது எட்டோணும். சில மெஷினில லீவரை விட்டா தானே பூட்டிக்கொள்ளும், சிலதில நீங்கள்தான் திருப்பி இறுக்கோணும், கைவேலைக்கு முதலாவது நல்லம் எண்டது என்ர எண்ணம், பதட்டத்தில கையை விட்டாலும் நிண்ட ஆழத்திலயே நிக்கும், இல்லை ஸ்பிரிங் மேல தூக்கோணும் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம், அவை சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. இடதுகைக்காரர் கட்டாயம் பிடிச்சுப் பாத்து வாங்குங்கோ, லீவர் எந்தப் பக்கம் எண்டது உங்களுக்குப் பெரிய விசயம். சுவிட்சும் அப்பிடித்தான், அதைத் தட்ட ஒரு கையை எடுக்க வேண்டி வந்தா அந்த ஒரு செக்கனில மெஷின் ஒற்றைக் கையில நிக்கும்.

ஆழம் நிறுத்துற கம்பியைப் பாருங்கோ. கீழ மூண்டு படி உள்ள ஒரு சில்லு, மேலால ஒரு கம்பி. இதை வீட்டில எப்பிடிப் பாவிக்கிறது எண்டு சொன்னாத்தான் கடையில என்ன பாக்கோணும் எண்டு விளங்கும். மெஷினைப் பலகையில வைச்சு, பிட்டின்ர நுனி பலகையில முட்டும் வரைக்கும் இறக்கி லொக் பண்ணுங்கோ. 6 மிமீ துளைபிட்டின்ர தண்டை எடுத்து, கம்பிக்கும் சில்லின்ர ஆகக் கீழ உள்ள படிக்கும் இடையில வைச்சு, கம்பியைத் தண்டில முட்ட விட்டு இறுக்குங்கோ. தண்டை உருவி எடுத்தா சரியா 6 மிமீ இடைவெளி, அவ்வளவுதான் பிட் இறங்கும். அளவுகோலும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். மற்ற ரெண்டு படியும் உயரமா இருக்கிறதால முதல் அந்தப் படிகளில குறைஞ்ச ஆழமா வெட்டி, சில்லைத் திருப்பித் திருப்பி கடைசியில 6க்கு வரலாம். இந்த முறை வேலை செய்யோணும் எண்டா கம்பி இறுக்கின பிறகு அசையக்கூடாது, கடையில இறுக்கிப் போட்டு விரலால நல்லாத் தள்ளிப் பாருங்கோ. மலிவு மெஷினில அந்த ஸ்குரூ பிளாஸ்ரிக், ரெண்டாம் நாள் மரை போயிடும்.

கொலெட் நட்டைக் கழட்டி உள்ளதைக் கையில எடுத்துப் பாருங்கோ. ரெண்டு பிளவு மட்டும் உள்ள கட்டைக் கொலெட் எண்டா யோசியுங்கோ, நீளமா, கன பிளவோட இருந்தா தண்டை சுத்திவரச் சமமாப் பிடிக்கும். ஒரு பிட்டைப் போட்டு இறுக்கி, பக்கத்தில பென்சில் நுனியைப் பிடிச்சுக்கொண்டு கையால சுத்துங்கோ, இடைவெளி கூடிக் குறையிறது கண்ணுக்கே தெரிஞ்சா வேண்டாம். பிட் இல்லாமல் நட்டை இறுக்கிக் காட்டுற கடைக்காரர் இருந்தா உடன நிப்பாட்டுங்கோ, கொலெட் சுருங்கிப் பழுதாகும்.

கரண்ட் குத்தி ஓட்டச் சொல்லுங்கோ. சொஃப்ட் ஸ்டார்ட் இருந்தா மெல்ல ஏறும், இல்லாட்டி மணிக்கட்டைச் சுண்டும், கையில பிடிக்கிறதுக்கு சொஃப்ட் ஸ்டார்ட் இருக்கிறது நல்லம். காபன் பிரஷ் பக்கம் சின்ன நீலப் பொறி தெரிஞ்சா பரவாயில்லை, வட்டமா நெருப்பு ஓடினா ஆர்மேச்சர், அதாவது மோட்டருக்குள்ள சுத்துற பாகம், சரியில்லை.

கைவேலைக்கு ஸ்பீட் மாத்துற சில்லு இல்லாத மெஷின் வாங்காதேங்கோ, இதில மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டன். 22,000 சுத்தில 6 மிமீ பிட்டின்ர விளிம்பு மணிக்கு 25 கிலோமீற்றர் அளவில போகுது, காலி வீதி ட்ராஃபிக்ல த்ரீவீலர் போற மாதிரி. அதே சுத்தில 50 மிமீ பிட் போட்டா விளிம்பு மணிக்கு 200ஐத் தாண்டும். 25 மிமீ வரைக்கும் 22,000, 24,000 ஓடலாம், 50 மிமீ கிட்டப் போனா 16,000, 18,000க்கு இறக்கோணும், பிட்டில ஆகக் கூடின ஸ்பீட் அடிச்சிருந்தா அதுதான் கடைசி வார்த்தை. கதவுப் பலகை சரிக்கிற 80, 90 மிமீ பெரிய பிட்டுகளை கையில பிடிச்சு ஓட்டவே கூடாது, அது மேசைக்குரியது.

பேர் சொல்லச் சொன்னா, மகிட்டா ஆர்பி 0900 நல்ல இலகு, 2.7 கிலோ, 900 வாட், ஆனா ஸ்பீட் மாத்த ஏலாது, 27,000 சுத்திலயேதான் ஓடும், ஆழம் 35 மிமீதான், பூட்டுத் துளைக்குக் காணாது. ஆர்பி 1110சி எண்டா 1100 வாட், 8,000இல இருந்து 24,000, ஆழம் 57 மிமீ, கைவேலைக்கு எனக்குப் பிடிச்சது. பொஷ்ஷின்ர நீல நிறத் தொழில்காரர் வரிசையில ஜிஓஎஃப் 130, 1300 வாட், 11,000இல இருந்து 28,000, 8 மிமீ வரைக்கும் பிடிக்கும், மூண்டரைக் கிலோ அளவு, இதுவும் அந்த வகைதான். டிவோல்ட் டிடபிள்யூ 621இல ஒரு தூண் உள்ளுக்க குழாய், தூள் அதுக்குள்ளால மேல போகும், அழகான யோசனை. ஃபெஸ்ரூல் ஓஎஃப் 1010 ஆரும் தந்தா ரெண்டு கையாலயும் வாங்குங்கோ, காசு குடுத்து எண்டா ரெண்டு தரம் யோசியுங்கோ. 2100 வாட் ஆர்பி 2301எஃப்சி அருமையான மெஷின், ஆனா 6 கிலோ, முன்னுக்குச் சொன்ன கதவுக் கதையை நினைச்சுக்கொள்ளுங்கோ.

2022இல டொலர் 200இல இருந்து 360 அளவுக்குப் பாய்ஞ்ச பிறகு இதெல்லாம் கைக்கெட்டாத விலைக்குப் போச்சு, அதால பாவிச்சதை நான் குறை சொல்ல மாட்டன். பஞ்சிகாவத்தைப் பக்கம் தேடினா கிடைக்கும், தூண் ஆட்டம், கொலெட், வோல்டேஜ் மூண்டும் சரி எண்டா எடுக்கலாம். கள்ளப் பிராண்டும் கிடக்கு, எனக்கும் ஒருக்கா ஒரு கடையில அசல் எண்டு தந்தாங்கள், வீட்ட வந்து பாத்தா மொடல் நம்பருக்கும் லேபிளில உள்ள வாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கடையில நிண்டே மொடல் நம்பரை ஃபோனில தேடி வாட், சுத்து, பாரம் மூண்டையும் ஒப்பிடுங்கோ. அப்ப அந்த 3612 அச்சு மலிவு மெஷினுகள்? பேஸைத் தலைகீழா மேசையில பூட்டுறதுக்கு எண்டா வாங்கலாம், ஆனா ஸ்பீட் குறைக்க ஏலாததால பெரிய பிட்டுகளை அதில போடாதேங்கோ, பாட்ஸும் லேசாக் கிடைக்கும்.

பெட்டிக்குள்ள பக்கக் கட்டை, அதாவது பலகை ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுற அந்த ஃபென்ஸ், கைட் புஷ், ரெண்டும் இருக்கோ எண்டு பாருங்கோ, பிறகு தனியா வாங்கப் போனா கிடைக்காது. கைட் புஷ் எண்டது அச்சுத் தகட்டைத் தொட்டுக்கொண்டு ஓடுற வளையம். 17 மிமீ புஷ், 12 மிமீ பிட் எண்டா வித்தியாசத்தில பாதி, 2.5 மிமீ, பள்ளத்துக்குரிய அச்செண்டா சுத்திவர அவ்வளவு பெரிசா வெட்டோணும். பேஸின்ர ஒரு பக்கம் நேரா வெட்டியிருந்தா இன்னும் நல்லம், நேர்ப்பலகையோட ஒட்டி ஓட லேசு.

வீட்ட கொண்டு வந்தாச்சு, முதல் வெட்டு. பிட்டை முழுக்க உள்ளுக்க விட்டு 2, 3 மிமீ வெளியில இழுத்து இறுக்குங்கோ, குறைஞ்சது 20 மிமீ தண்டு கொலெட்டுக்குள்ள இருக்கோணும். பிட் மாத்தேக்க பிளக் வெளியில, ஒவ்வொரு தரமும். பிட் மேலால பாக்க மணிக்கூட்டுப் பக்கமாச் சுத்துது, அதால பலகையின்ர வெளி ஓரத்தைச் சுத்தேக்க நீங்கள் எதிர்ப்பக்கமாப் போகோணும், ஓரம் உங்களுக்குக் கிட்ட இருந்தா இடமிருந்து வலம். உள் ஓட்டை எண்டா மணிக்கூட்டுப் பக்கம். மாறிப் போனா மெஷின் கையை இழுத்துக்கொண்டு ஓடும். நடுவில காடி எடுக்க முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போகேக்க அது இடப்பக்கம் ஓடப் பாக்கும், ஆகவே கிளாம்ப் பண்ணுற நேர்ப்பலகை உங்கட இடப்பக்கம் இருக்கட்டும், மெஷின் தானே அதில ஒட்டிக்கொள்ளும். 6 மிமீ பிட் எண்டா ஒரு தரத்துக்கு 3 மிமீக்கு மேல இறக்காதேங்கோ, முதிரை, பாலை மாதிரி இரும்பு மரமெண்டா 2. தேக்கில மணல் சத்து இருக்கு, கூர் கெதியாப் போகும், காபைட் பிட்தான் போடோணும். ஒரு இடத்தில நிண்டு யோசிச்சீங்கள் எண்டா அந்த இடம் கருகும்.

சாரத்தோட வேலை செய்யாதேங்கோ, கையுறையும் வேண்டாம், கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். மரத்தூளை மனிசருக்குப் புற்றுநோய் தாற பொருள் எண்டு உலக சுகாதார அமைப்பின்ர புற்றுநோய் ஆய்வுப் பிரிவு முதலாம் குழுவில வைச்சிருக்கு, முதிரைத் தூள் தோலையும் கடிக்கும், மாஸ்க் போடுங்கோ. ஃபிளாட்டில இருக்கிறாக்கள் பக்கத்து வீட்டு அன்ரியிட்ட முதலே ஒரு சொல்லுச் சொல்லிப் போடுங்கோ, ரவுட்டர் சத்தம் கிறைண்டர் சத்தத்தை விட மோசம்.

பிறகு தூண். கடல் பக்கம் வீடெண்டா உப்புக் காத்தில ரெண்டு மாசத்தில புள்ளி புள்ளியாத் துரு பிடிக்கும், இறங்கிறது இறுகும். வேலை முடிய துணியால துடைச்சு, மெழுகோ, காய்ஞ்சு போற சிலிக்கோன் ஸ்பிரேயோ மெல்லிசாப் போடுங்கோ, பெட்டிக்குள்ள சப்பாத்துப் பெட்டியில வாற அந்த ஈரம் உறிஞ்சுற பைக்கற்றைப் போட்டு வையுங்கோ. என்ர பழைய மெஷினுக்கு அப்பா பாசத்தில தேங்காய் எண்ணெய் பூசி விட்டவர், தூள் போய் ஒட்டி, தொதல் மாதிரி இறுகி, மண்ணெண்ணெயில ஊறவைச்சுச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.